நான்காம் நம்பர் பிரஸ்ஸின் எதிர்ச்சொல்

ஓசூரில் கதவுக் கீல் செய்வதற்கு ஆங்கிலம் வேண்டுமா என்று 1988 வரை யாரும் கேட்டதில்லை. இரும்புத் தகடு வேண்டும். அதை வெட்ட பிரஸ் வேண்டும். பிரஸ்ஸுக்கு அடியில் கையை விடாத ஆள் வேண்டும். மூன்றும் அங்கிருந்த கீல் கம்பெனியில் இருந்தன. நாலாவதாக அழகர்சாமி வந்து சேர்ந்தார்.

அழகர்சாமி பணியாளர் அதிகாரி. மதுரைப் பக்கத்துக்காரர். பெங்களூர் தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு ஒரு பட்டியலோடு திரும்பினார். பட்டியலில் முந்நூறு ஆங்கிலச் சொற்கள். எல்லாம் உயர்ந்த சொற்கள். யாரும் தினமும் புழங்கி அழுக்காக்காதவை.

தொழிலாளர்களை ஷெட்டில் நிற்க வைத்துப் பேசினார்.

"ஜப்பான்காரன் ஏன்யா முன்னேறினான்? சொல்லுங்க பாப்போம்."

"இங்கிலீஷ் தெரியாததாலயா சார்?" என்றான் கெலவரப்பள்ளி முனிராஜ்.

அழகர்சாமி அவன் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு திட்டத்தை விளக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் ஒன்று, அதே பொருள் தரும் சொல் இரண்டு, எதிர்ச்சொல் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தற்காலிகத் தொழிலாளி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் நிரந்தரம். எண்பத்தொன்பது வாங்கினால் அவன் இன்னும் வளரவில்லை என்று பொருள்.

"விடையெல்லாம் உறையில போட்டு சீல் வச்சிருக்கு. உறை பெங்களூர்ல இருக்கு. அதை நானே பாத்ததில்ல. அந்த அளவுக்கு நேர்மையான திட்டம்யா இது."

லால் பாஷா மூன்றாம் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஆறு வருடமாகத் தற்காலிகம். பதினோரு மாதம் முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்புவார்கள். பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பத்து நாளில் வழியில் பார்த்தால் வாட்ச்மேனுக்கு அவனை அடையாளம் தெரியாது. பதினோராவது நாள் காலையில், "வா பாய், ஊர்ல எல்லாம் சௌக்கியமா?" என்பார். ஆறு முறை அவன் அந்தக் கம்பெனியில் பிறந்திருந்தான்.

திட்டத்துக்கான விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. லால் பாஷா மசூதியில் உருது பேசுவான். அத்திப்பள்ளி லாரிக்காரர்களிடம் கன்னடம். பாகலூர் ஆட்களிடம் தெலுங்கு. வீட்டில் தமிழ். இதையெல்லாம் கேட்ட கிளார்க், கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

திட்டம் கேட்டில் தொடங்கியது. காலையில் உள்ளே நுழைகிறவன் அன்றைய சொல்லைச் சொல்ல வேண்டும். வாட்ச்மேனுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் சத்தமாகச் சொன்னவன் உள்ளே போனான், மெதுவாகச் சொன்னவன் வெளியே நின்றான். ஷிப்ட் இருபது நிமிடம் தாமதமானது. மாத அறிக்கையில் அழகர்சாமி அதை 'கற்றல் நேரம்' என்று எழுதினார். பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. கற்றல் நேரம் நாற்பது நிமிடமாக உயர்ந்தது.

அடுத்து கேன்டீன். இரண்டாம் கரண்டி சாம்பார் கேட்கிறவன் ஒரு எதிர்ச்சொல் சொல்ல வேண்டும் என்று ஆணை வந்தது. சாம்பார் ஊற்றும் ஜோதியம்மாள் ஆணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"நீ என்னமோ சொல்லிட்டுப் போ சாமி. நான் ஊத்தறேன். ஆறிப் போவுது."

இப்படிப் பதினோரு நாள் நடந்தது. கண்காணிக்க ஆள் போட்டார்கள். அந்த ஆளுக்கும் சாம்பார் வேண்டியிருந்தது.

காலை பத்திலிருந்து பதினொன்று வரை ஆங்கில நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வர வேண்டும். வேறு மொழியில் ஒரு சொல் வந்தால் பத்து மதிப்பெண் போகும். ஷெட் அமைதியானது. பத்திலிருந்து பதினொன்று வரை ஆட்கள் தலையாலும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். அழகர்சாமி ஷெட்டைச் சுற்றி வந்து, தாய்மொழி மறந்துவருவதாக அறிக்கை எழுதினார்.

லால் பாஷா வீட்டில் படித்தான். அவன் மனைவி ஃபரீதா எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள். ஊதுபத்தி உருட்டுவாள். பலகையில் மாவை வைத்து, குச்சியை வைத்து, உள்ளங்கையால் ஒரே தேய். ஒரு குச்சிக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்தாள்.

"லொக்வேஷஸ்."

"வாயாடி."

"அதே பொருள்?"

"டாக்கட்டிவ். அப்புறம்... கார்ருலஸ்."

"எதிர்ச்சொல்?"

"டேசிட்டர்ன்."

"நம்ம வீட்ல யாரு எது?"

லால் பாஷா பதில் சொல்லவில்லை.

"அதான் எதிர்ச்சொல்லு," என்றாள் ஃபரீதா. அடுத்த குச்சியை எடுத்தாள். "கேப்ரிஷஸ்."

"எப்ப என்ன செய்யும்னு சொல்ல முடியாதது. தோணுனா செய்யும், தோணலேனா செய்யாது. அதே பொருள், எர்ராட்டிக், ஃபிக்கிள். எதிர்ச்சொல், ஸ்டெடி."

"இது மட்டும் தண்ணி மாதிரி வருது?"

"எங்க நாலாம் நம்பர் பிரஸ்ஸு அப்படித்தான் ஃபரீதா."

அது உண்மை. லால் பாஷா நின்று வேலை செய்த நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பிரேக் தேய்ந்திருந்தது. காலால் பெடலை மிதித்தால்தான் மேலேயிருக்கும் இரும்புத் தலை இறங்கி, கீழே வைத்த தகட்டைக் கீல் வடிவத்தில் வெட்ட வேண்டும். இது மிதிக்காமலும் இறங்கியது. நாளுக்கு ஒரு முறை, சில நாள் மூன்று முறை. நேரம் காலம் கிடையாது.

அந்த ஷெட்டில் ஒரு பழக்கம் இருந்தது. மெஷின் சரியில்லை என்றால், அதில் நிற்கிறவன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவான். கட்டியபின் யாரும் அதைத் தொடமாட்டார்கள். சரியான பின்பும் கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். ஃபோர்மேன் சொன்னாலும் வேறொருவன் அவிழ்க்கமாட்டான். கன்னடக்காரனுக்கும் தெலுங்குக்காரனுக்கும், நாட்றாம்பாளையம் மலையிலிருந்து முந்தாநாள் இறங்கி வந்தவனுக்கும் அது புரிந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் பத்து விரல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

லால் பாஷா துணி கட்டினான். அழகர்சாமி வந்து பார்த்தார்.

"இது என்ன?"

"பிரேக் சரியில்லீங்க சார்."

"அதை எழுத்தில் சொல்லணும்யா. துணி ஒரு மொழி கிடையாது."

துணி அவிழ்க்கப்பட்டது. ஆணைப்படி லால் பாஷாவே அவிழ்த்தான். அதற்குப் பதில் வெள்ளை அட்டை கொடுத்தார்கள். மெஷினின் நிலையை அதில் ஒரே ஆங்கிலச் சொல்லில் எழுதித் தொங்கவிட வேண்டும். லால் பாஷா 'டேஞ்சர்' என்று எழுதினான். அட்டை மறுநாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருந்தது: 'இது தொடக்கப்பள்ளிச் சொல். தரத்தை உயர்த்தவும்.'

அவன் யோசித்தான். புது அட்டையில் 'கேப்ரிஷஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டான். அது உடனே ஏற்கப்பட்டது. சிறந்த அட்டை என்று நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தது. பிரேக்கைப் பார்க்க யாரும் வரவில்லை.

ஃபோர்மேன் கிருஷ்ணப்பன் புது பிரேக் பட்டை கேட்டு ஸ்டோருக்கு எழுதினார். அவர் பாகலூர்காரர். முப்பது வருடம் பிரஸ்ஸோடு இருந்தவர். சீட்டு திரும்பி வந்தது: 'தேய்ந்தது என்பதற்கு அதே பொருள் தரும் சொல் இரண்டு சேர்க்கவும்.'

"ஏனப்பா பாஷா, தேஞ்சதுக்கு இன்னும் ரெண்டு சொல்லு வேணுமாம்."

"வோர்ன். எரோடட். எழுதுங்க மேஸ்திரி."

எழுதினார். மறுபடி திரும்பி வந்தது: 'எதிர்ச்சொல் விடுபட்டுள்ளது.'

"தேஞ்சதுக்கு எதிர்ச்சொல்லு என்னப்பா?"

"புதுசு."

"அதத்தானேப்பா நான் கேக்கறேன்!"

மூன்றாம் சீட்டு பெங்களூருக்குப் பரிசீலனைக்குப் போனது. லால் பாஷா ஒரு இடுக்கி செய்துகொண்டான். தகட்டைக் கையால் வைக்காமல் இடுக்கியால் வைத்தான். மற்ற நேரத்தில் படித்தான்.

தேர்வு முடிந்து நாலு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து மதிப்பெண் வந்தது. நூற்றெட்டுப் பேரில் ஒருவன் மட்டும் தொண்ணூறைத் தாண்டியிருந்தான். லால் பாஷா, தொண்ணூற்றிரண்டு.

முனிராஜுக்குப் பதினாறு. "பாய், ரெண்டு பேரையும் சேத்துப் பிரிச்சா ஆளுக்கு அம்பத்திநாலு. பாஸு," என்றான்.

நிரந்தர ஆணையைக் கொடுக்க பம்பாயிலிருந்து டைரக்டரே வருவதாகத் தகவல் வந்தது. ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தென்பெண்ணைத் தண்ணீர் ஒரு லாரி வந்து தரையைக் கழுவிவிட்டுப் போனது. நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். பிரேக்கின் மேல் இரண்டு கோட்டிங் விழுந்தது.

டைரக்டர் வந்தது ஒரு புதன்கிழமை. மணி பத்தேகால். ஆங்கில நேரம். நல்ல மனிதர். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பிரஸ் முன்னால் நின்று அட்டையைப் படித்தார்.

"கேப்ரிஷஸ்?" என்றார் அழகர்சாமியைப் பார்த்து.

அழகர்சாமிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. உறை பெங்களூரில் இருந்தது. ஆனால் அவர் பதற்றப்படவில்லை. "எஸ் சார். வெரி கேப்ரிஷஸ்," என்றார்.

டைரக்டருக்கும் அது சரியாகத் தெரியவில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும். பக்கத்திலிருந்த ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்தார். அவர், "மோஸ்ட் கேப்ரிஷஸ் இன் தி பிளான்ட்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கிருஷ்ணப்பன் மட்டும் ஆட்டவில்லை. லால் பாஷா அவருக்குப் பொருள் சொல்லியிருந்தான்.

டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. தொழிலாளியின் ஆணையை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போடுவானேன்? அவன் உழைக்கும் மெஷின் மேலேயே வைத்துப் போடலாமே. அழகர்சாமி கைதட்டினார். ஆணையைப் பிரஸ்ஸின் அடியில், தகடு வைக்கும் இடத்தில், விரித்து வைத்தார்கள். ஸ்டுடியோவிலிருந்து வந்த போட்டோகிராபர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"மோட்டார் ஆன்," என்றார் அழகர்சாமி. சத்தம் இருந்தால்தான் படத்தில் உயிர் இருக்கும் என்பது அவர் கருத்து.

பெரிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. டைரக்டர் குனிந்து கையெழுத்துப் போட்டார். போட்டோகிராபருக்கு விளக்கு எரியவில்லை. "ஒன் மினிட் சார்," என்றார். டைரக்டர் பேனாவோடு கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

லால் பாஷா அந்தக் கையைப் பார்த்தான். மேலே தொங்கும் இரும்புத் தலையைப் பார்த்தான். வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வர வேண்டும். தொண்ணூற்றிரண்டு.

"சார்! கேப்ரிஷஸ்!" என்றான்.

டைரக்டர் மகிழ்ந்து திரும்பினார். கை அசையவில்லை. "வெரி குட். சினானிம்?"

"எர்ராட்டிக்! ஃபிக்கிள்!"

கைதட்டினார்கள். "ஆன்டனிம்?" என்றார் டைரக்டர்.

"ஸ்டெடி சார்! நாட் ஸ்டெடி! நாட் ஸ்டெடி!"

கைதட்டல் கூடியது. அழகர்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சக்கரத்தின் ஓட்டத்தில் ஒரு திணறல் கேட்டது. அது கேட்டால் அடுத்து என்ன என்று லால் பாஷாவுக்குத் தெரியும்.

"ஏய்! கை!" என்று கத்தினான். பாய்ந்து டைரக்டரின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் கழுவிய தரையில் உட்கார்ந்தார்கள்.

இரும்புத் தலை இறங்கியது. ஷெட்டே ஒரு முறை அதிர்ந்தது. தலை மேலே போனபோது ஆணையின் நடுவே கீல் வடிவத்தில் ஓட்டை இருந்தது. வெட்டுப்பட்ட துண்டு கீழே பெட்டிக்குள் விழுந்துகிடந்தது. திருகாணிக்கு மூன்று துளையோடு, பிசிறில்லாமல்.

டைரக்டர் தன் விரல்களை எண்ணினார். அழகர்சாமி, "ஆத்தாடி! என்னய்யா இது, அங்கிட்டு நிப்பாட்டுங்கய்யா!" என்று அலறினார். ஆங்கில நேரம் முடிய இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

லால் பாஷா எழுந்து மோட்டாரை நிறுத்தினான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்தான். அட்டையைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் துணியை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டினான்.

மறுநாள் விசாரணை. டைரக்டர் அன்றே விமானம் ஏறிவிட்டார். விசாரணைக் குழுவில் அழகர்சாமி தலைவர், அழகர்சாமி உறுப்பினர். குற்றம் மூன்று. ஆங்கில நேரத்தில் வேற்றுமொழிச் சொல் இரண்டு பேசியது. டைரக்டரைத் தொட்டது. தொடுமுன் அவரை 'ஏய்' என்றது.

"ஏய்னா என்னய்யா அர்த்தம்?"

"ஏய்னா ஏய்தான் சார்."

"விளக்கம்?"

லால் பாஷா யோசித்தான். "கைய எடுன்னு."

"அதே பொருள் தரும் சொல்?"

"அதுக்கெல்லாம் நேரம் இல்லீங்க சார்."

அழகர்சாமி எழுதிக்கொண்டார். ஒரு சொல்லுக்குப் பத்து வீதம் இருபது போனால் எழுபத்திரண்டு. லால் பாஷா இன்னும் வளரவில்லை என்று தெரியவந்தது. மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான்.

அதன்பிறகுதான் கம்பெனிக்குச் சிக்கல் வந்தது. புது பிரேக் பட்டை இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. சீட்டில் எதிர்ச்சொல் கேட்டு யாரும் திருப்பி அனுப்பவில்லை. கிருஷ்ணப்பன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிரஸ் முன்னால் நின்றார்.

"மாட்டுங்க," என்றார் அழகர்சாமி.

"துணி கட்டியிருக்குது சார்."

"அவுத்துட்டு மாட்டுங்க."

"கட்டினவன் அவுக்கணும் சார்."

அழகர்சாமி முனிராஜைக் கூப்பிட்டார்.

"என் கையி நல்லா இருக்குது சார்," என்றான் முனிராஜ். "இருக்கட்டும் சார்."

ஷெட்டில் எழுபது பேரைக் கேட்டார். எழுபது பேரும் நாலு மொழியில் அதையே சொன்னார்கள். அழகர்சாமி தானே முன்னால் போனார். முடிச்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். மேலே இரும்புத் தலையைப் பார்த்தார். கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தத் துணியை அவர் அகராதி இல்லாமல் படித்துவிட்டார்.

பதினாறு நாள் பிரஸ் நின்றது. பெரிய கீல் அதில் மட்டும்தான் வெட்ட முடியும். பெரிய கீல் இல்லாமல் அலமாரிக் கம்பெனிகள் தந்தி மேல் தந்தி அடித்தன. எல்லாம் தொடக்கப்பள்ளிச் சொற்கள். பதினேழாம் நாள் காலை, கம்பெனி ஜீப் லால் பாஷாவின் வீட்டு வாசலில் நின்றது.

லால் பாஷா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். ஃபரீதா பலகை முன் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். உக்காருங்க. மேல ஒட்டிக்கும், பாத்து."

அழகர்சாமி உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரர் வந்து அந்தத் துணிய அவுக்கணும்மா."

"அவரு வேலைல இல்லியே சார். வேலைல இல்லாத ஆளு வந்து மிஷின தொட்டா நல்லாவா இருக்கும்?"

"வேலைக்கு எடுத்துக்கிடுறோம்."

"தற்காலிகமாவா?"

ஃபரீதா ஒரு குச்சியைத் தேய்த்தாள்.

"சார், நீங்க தப்பா நினைக்கலேனா ஒண்ணு கேக்கறேன். கேப்ரிஷஸ்னா என்ன சார்?"

அழகர்சாமி ஜீப்பைப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்தார்.

"உறை பெங்களூர்ல இருக்கும்மா," என்றார் மெதுவாக.

ஃபரீதா அவருக்குப் பொருளைச் சொன்னாள். அதே பொருள் தரும் சொல் இரண்டும், எதிர்ச்சொல் ஒன்றும் சொன்னாள். அழகர்சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சுவரோரம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கால்சட்டையில் ஊதுபத்தி மாவு ஒட்டியது.

"அட்டைல அதையா எழுதியிருந்தான்?"

"நாலு மாசத்துக்கு மேல தொங்குச்சே சார்."

லால் பாஷா இரண்டு குடத்தோடு வந்தபோது அதிகாரி அவன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்து ஆணையை எடுத்தார். டைரக்டரின் கையெழுத்து அடியில் பத்திரமாக இருந்தது. நடுவில் கீல் வடிவ ஓட்டை. பெயர் இருந்தது, தேதி இருந்தது. 'நிரந்தரம்' என்ற சொல் மட்டும் ஓட்டையோடு போயிருந்தது. துண்டைத் தேடினார்களாம். பழைய இரும்புக்காரன் மூட்டையோடு கொண்டுபோய்விட்டானாம்.

"புதுசா ஆணை போட டைரக்டர் மறுபடி வரணும். அவர் இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னுட்டாரு. இதையே செல்லும்னு எழுதித் தரேன்." ஆணையின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். ஓட்டைக்குள் வெள்ளை தெரிந்தது. பேனாவைத் திறந்தார். சொல்வளத்தில் அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "இந்த இடத்துல என்ன எழுதலாம் பாஷா? பெர்பெச்சுவல்? எவர்லாஸ்டிங்? பெரென்னியல்? நீதான் தொண்ணூற்றிரண்டு."

லால் பாஷா குடத்தை இறக்கினான். ஆறு வருடமாகக் கேட்டுவந்த ஒரு சொல்லுக்கு இப்போது மூன்று சொற்கள் முன்னால் நின்றன. அவன் ஃபரீதாவைப் பார்த்தான்.

"இருந்த வார்த்தையவே எழுதுங்க சார்," என்றாள் ஃபரீதா. "எங்களுக்கு அந்த ஒண்ணு போதும்."

அழகர்சாமி எழுதினார். கீல் வடிவ ஓட்டைக்குள் நெருக்கி எழுத வேண்டியிருந்தது.

லால் பாஷா ஜீப்பிலேயே போனான். வாட்ச்மேன், "வா பாய், ஊர்ல எல்லாம் சௌக்கியமா?" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஷெட்டில் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். லால் பாஷா இரண்டு முடிச்சையும் அவிழ்த்தான். துணியை மடித்துப் பையில் வைத்தான். கிருஷ்ணப்பன் புதுப் பட்டையை மாட்டினார். மோட்டாரைப் போட்டுவிட்டு, மிதிக்காமல் ஒரு மணி நேரம் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தலை இறங்கவில்லை. லால் பாஷா மிதித்தான். இறங்கியது, மேலே போய் நின்றது.

அட்டை விதி இன்னும் நடப்பில் இருந்தது. லால் பாஷா புது அட்டை வாங்கி 'ஸ்டெடி' என்று எழுதித் தொங்கவிட்டான்.

மாலையில் அட்டை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருந்தது: 'இது தொடக்கப்பள்ளிச் சொல். தரத்தை உயர்த்தவும்.'